நீதிபதிக்கு முந்தி வாய் திறப்பது எப்படி

இஷொய் என்ற ஊரில், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் என்னை, வருடத்தில் சில நாட்கள் நீதிபதிக்குப் பக்கத்தில் இருத்தி, 'இவர் குற்றவாளியா?' என்று கேட்கிறார்கள். இந்த வேலைக்கு டென்மார்க்கில் 'டொம்ஸ்மன்' என்று பெயர். நீதிபதி ஒருவர், பொதுசனத்தில் இரண்டு பேர். மூவருக்கும் வாக்கு சமம். பெரிய வழக்கென்றால் ஜூரி. வழக்குகள் தேங்குகின்றன, ஜூரியையும் எங்களையும் குறைத்தால் விரைவாக முடியும் என்று இப்போது தொலைக்காட்சியில் ஒரே சண்டை. நீதிபதிக்குப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து கொட்டாவியை விழுங்கியவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் நாள்

பட்டுச் சேலையில் போனேன். நீதிபதி சுவெட்டரில் வந்தார், என் மகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் படித்தவர் அல்லவா, அவர் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் எழும்பி நின்றேன். மற்ற டொம்ஸ்மன் கார்ஸ்டன், ஓய்வு பெற்ற பஸ் சாரதி, என் காதருகே குனிந்தார்.

"நீங்கள் எழும்பினால் நானும் எழும்ப வேண்டியிருக்கிறது. எனக்கு முழங்கால் நோவு."

வீட்டு விசாரணை

உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். என் கணவருக்கு அந்தச் சட்டம் செல்லாது. இடியப்பத்தைப் பிய்த்தபடி கேள்வி மேல் கேள்வி கேட்டார். நான் அசையவில்லை. கோபம் வந்து, தொலைக்காட்சியில் ஜூரி வேண்டாம் என்ற அரசியல்வாதியின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"அவன் சொல்றது சரிதான். கறிக்கு உப்புப் போட மறக்கிற ஆள், ஒருத்தனை உள்ளுக்குப் போடுறதோ?"

தலையாட்டல்

தீர்ப்புக்கு முன் நீதிபதி எங்களிடம்தான் முதலில் கேட்பார். பெரிய ஆட்கள் இருக்கும் சபையில் முந்திக்கொண்டு கதைத்து எனக்குப் பழக்கமில்லை. "நீங்கள் சொல்வதுதான் எனக்கும்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என் கருத்து என்னிடம் இருக்கிறது. உங்களுடையதைக் கேட்கத்தான் உங்களைக் கூப்பிட்டோம்."

ஆறிய சாப்பாடு

அடுத்த வழக்கில், ஒருவரைப் போத்தலால் அடித்ததாக ஓர் இளம் தகப்பன்மேல் குற்றச்சாட்டு. அடித்தது இவர்தானா என்பதே கேள்வி. ஆமென்றால் மறியல், சிறைதான். வெளியே நீள வாங்கில் இருந்தபடி இவருடைய மனைவி, குழந்தைவண்டியை ஆட்டிக்கொண்டு எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை தலையாட்டினால் நான் மனிசியே இல்லை என்று தோன்றியது.

உள்ளே போனதும் முதல் ஆளாக வாய் திறந்தேன். என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். என் கணவருக்கே தெரியாது. கதைத்து முடித்து நாங்கள் மூவரும் கன்டீனுக்குப் போனபோது உருளைக்கிழங்கு ஆறிக் கல்லாகியிருந்தது. நீதிபதி முள்ளுக்கரண்டியால் அதைக் குத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கள் தலையாட்டிய நாளில் நான் சூடாகச் சாப்பிட்டேன்."

எங்களை நிறுத்தினால் வேலை விரைவாக முடியும், நீதிபதியின் சாப்பாடும் ஆறாது, எல்லாம் உண்மைதான். ஆனால் அதை குழந்தைவண்டியோடு அந்த வாங்கில் இருந்தவளிடம் போய்ச் சொல்ல என்னை மட்டும் அனுப்பாதீர்கள்.