சக்கரம் சுற்றாத ஒன்றேகால் கிலோமீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஒரு சைக்கிள் கடையில் முக்கால் மணி நேரம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

சைக்கிள் வாங்க அல்ல. அதை மகள் மலர் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டாள். வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனுக்கு டயர், ஒற்றைக் கையால் தூக்கலாம். ரிட்டயர் ஆகிப் பத்து வருஷமான ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்கிறீர்களா? என் மனைவி சரளாவும் அதையேதான் கேட்டாள். விஷயம் அதுவல்ல. சைக்கிளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம்!

கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல் குட்டிக் குட்டிப் பெட்டியாக அடுக்கினார். "மொதல்ல டயர் சைஸ் சொல்லுங்க சார். எழுநூறுக்கு இருபத்தஞ்சா, இருபத்தெட்டா? அத்த தப்பா போட்டா மொத்த கிலோமீட்டரும் தப்பா வரும்."

டயரின் பக்கவாட்டில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்... இருபத்தைந்து.

"இப்ப ரெண்டு வகை கீது. இது சென்சார். சக்கரத்துல ஒரு காந்தம் மாட்டணும், சக்கரம் சுத்தினாதான் எண்ணும். இது ஜி.பி.எஸ். மேல சேட்டிலைட்ட பாத்துக்கினே இருக்கும். நீங்க வண்டிய தோள்ல தூக்கிக்கினு நடந்தாகூட கிலோமீட்டர் ஏறும்."

"தூக்கிக்கொண்டு போனாலுமா?" என்று கேட்டேன்.

கேட்டது சாதாரணமாகத்தான். ஆனால் குரல் என்னவோ ஆகிவிட்டது. கூட வந்திருந்த மலர் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு அரசு ஆபீஸில் கிளார்க் வேலை. சரளாவுக்குக் கல்வராயன் மலையில், கரியாலூரில் டீச்சர் வேலை. மலர் அம்மாவோடு மலையில் இருந்தாள். அவளுக்கு வலிப்பு உண்டு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. "ஒரு வேளைகூட விடக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த மாத்திரை மலையில் கிடைக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

அந்த வாரம் மறியல் என்று முன்னமே அறிவித்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒரு நாள் நடக்கும், மறுநாள் பஸ் ஓடும்" என்று சக ஊழியர்களிடம் மேதாவித்தனமாகப் பேசிக்கொண்டிருந்தேன். மாத்திரையை வாங்கி மேஜை டிராயரில் வைத்திருந்தேன். ஞாயிறு போயிருக்கலாம். மறுநாள் ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன், அதனால் ஞாயிறும் வேலை. சரி, புதன்கிழமை போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திங்கள் பஸ் இல்லை. செவ்வாய் இல்லை. புதனும் இல்லை. சாலையோரப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்: வியாழன் காலையோடு மலர் கையில் இருக்கும் மாத்திரை தீர்ந்துவிடும். வியாழன் ராத்திரிக்கு இல்லை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

வியாழன் காலை ஆறு மணிக்குப் பஷீர் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். பாய் இரும்புக்கடை வைத்திருந்தவர். அவரிடம் இருபத்தெட்டு இன்ச் சைக்கிள் ஒன்று உண்டு. யாருக்கும் இரவல் தரமாட்டார். காரணம், அதன் முன்சக்கரத்தில் இருந்த மீட்டர்.

இன்றைய கம்ப்யூட்டருக்கு அது தாத்தா முறை. தீப்பெட்டியில் பாதி இருக்கும். சக்கரக் கம்பியில் ஒரு சின்ன முள்; ஒவ்வொரு சுற்றுக்கும் அது மீட்டரின் பல்லைத் தட்டும்... டிக். அவர் மச்சான் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. முதலில் வந்தது இருபத்தாறு இன்ச் சக்கரத்துக்கான மீட்டர். பாய் அதை மாட்டி, தியாகதுருகம் சாலையில் மைல்கல் மைல்கல்லாகச் சரிபார்த்திருக்கிறார். பத்து கிலோமீட்டருக்கு ஒன்பதே கால்தான் காட்டியது. கழற்றித் திருப்பி அனுப்பி, ஆறு மாதம் காத்திருந்து, 'இருபத்தெட்டு' என்று பொறித்த மீட்டரை வரவழைத்தார். அவ்வளவு பிடிவாதம்!

விஷயத்தைச் சொன்னேன். பாய் உள்ளே போனார். சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். குனிந்து மீட்டரைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டார்.

"பத்திரமா போ தம்பி. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. கரியாலூர் போனதும் மீட்டர்ல எவ்ளோ ஏறிகீதுன்னு மட்டும் பாத்துக்கினு வா."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம்தான். முதல் மரம் குறுக்கே கிடந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று... கண்ணுக்கெட்டியவரை சாலையே இல்லை; பச்சை இலைதான். மரத்தின் மேல் இருபது முப்பது பேர். கையில் கோடாலி. பிரேக்கைப் பிடித்து இறங்கினேன்.

"இன்னா சார், ஊரே நின்னுகினு கீது, நீங்க மட்டும் எங்க போய்க்கினு கீறீங்க?" கேட்டவர் நெற்றியில் துண்டு கட்டியிருந்தார். தோளில் மரத்தூள்.

சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். மலர், வலிப்பு, ராத்திரி வேளை... ஏதேதோ உளறினேன்.

அவர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். கோடாலியை மரத்தில் சாய்த்து வைத்தார்.

"டேய், வண்டிய தூக்குங்கடா."

நாலு பேர் வந்தார்கள். சைக்கிள் தோளுக்குப் போனது. விழுந்த மரங்கள் நெடுக இலையும் கிளையுமாகக் கிடந்ததால் ஏரிக்கரை மேல் ஏறினார்கள். சேற்றில் கால் புதையப் புதைய, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் அப்படியே நடந்தார்கள். நான் கையை வீசிக்கொண்டு பின்னால் போனேன். நானே தூக்கிக்கொள்கிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். "நீங்க மல ஏறணும் சார். கால வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டார் துண்டு கட்டியவர். அவர்தான் அந்த முதல் மரத்தைச் சாய்த்தவராம். பெயர் பெரியசாமி.

"இன்னும் மூணு எடத்துல மறிச்சிக்கினு கீறாங்க. கேட்டா, பெரியசாமி அனுப்பினான்னு சொல்லுங்க."

அடுத்த இடத்தில் கேட்டார்கள். சொன்னேன்.

"எந்த பெரியசாமி? எங்க ஊர்லயே மூணு பெரியசாமி கீறாங்களே!"

அவர் ஊரைக் கேட்கவில்லையே! அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "எவனா இருந்தா இன்னா? கொழந்த மாத்திரதான? தூக்குடா" என்றார். மறுபடி சைக்கிள் தோளுக்குப் போனது. அதற்கடுத்த இடத்திலும் அப்படியே. கடைசி இடத்தில் பாலத்தை வெட்டியிருந்தார்கள். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப்பிடித்து அக்கரை சேர்த்தார்கள். ஒருவர் தன் துண்டால் சீட்டைத் துடைத்துக்கூட விட்டார்.

அந்தப் போராட்டத்தின் நியாய அநியாயம் பேச ஆயிரம் பேர் உண்டு. நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சாலையை மறித்த கையேதான் என்னை அனுப்பி வைத்தது. எனக்கு இன்றைக்கும் அது பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

காச்சிராயபாளையம் தாண்டியதும் மலைப்பாதை. அங்கே மரம் வெட்டவில்லை, ஆள் இல்லை. ஏறி மிதிக்க முடியாத மேடு. தள்ளினேன். சக்கரம் சுற்றச் சுற்ற, டிக்... டிக்... டிக்... ஒவ்வொரு வளைவிலும் மீட்டரைப் பார்ப்பேன், கரியாலூர் வரைக்குமான கிலோமீட்டரிலிருந்து அதைக் கழிப்பேன், வானத்தைப் பார்ப்பேன். வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே வயல்வெளி மொத்தமும் பச்சைப் பாயாக விரிந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன்.

மீட்டர்படி இன்னும் ஒன்றேகால் கிலோமீட்டர் இருந்தது. ஒரு வளைவில் திரும்பினேன். எதிரே பள்ளிக்கூட ஓடு!

நம்பவே முடியவில்லை. ஊரே என்னை அழைத்துப்போக இறங்கி வந்ததுபோல் இருந்தது. சரளா வாசலில் நின்றிருந்தாள். மதியத்திலிருந்து நிற்கிறாளாம். அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அழுதாள். மலருக்கு அதெல்லாம் தெரியாது. "அப்பா, இது இன்னா டிக்கு டிக்குன்னுது?" என்று ஹேண்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிச் சக்கரத்தைச் சுற்றப்போனாள். "இரு, இரு" என்று அலறி, முதலில் நம்பரை மாத்திரை வாங்கிவந்த காகித உறையில் எழுதிக்கொண்டேன். பாய்க்குக் கொடுத்த வாக்கு அல்லவா? அப்புறம் அவள் ஆசை தீரச் சுற்றினாள்.

சாலை சரியானதும் திரும்பி வந்தேன். உறையில் எழுதிய நம்பரைப் பார்த்ததும் பாய் முகம் சுருங்கியது.

"மைல்கல்லுக்கு ஒண்ணேகா கிலோமீட்டர் கம்மியா கீதே..."

அவரால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே சைக்கிளை எடுத்துப்போய் மைல்கற்களோடு சரிபார்த்தார். மீட்டர் அச்சு அசலாகச் சரி. மறுநாள் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, எங்கயாச்சும் வண்டிய தூக்கிக்கினு போனியா?"

"நான் தூக்கலை பாய். அவங்க தூக்கினாங்க" என்று நடந்ததைச் சொன்னேன். பாய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பிறகு, "அப்ப மீட்டர் சரிதான்" என்று எழுந்து போனார்.

மலருக்கு அதன் பிறகு வலிப்பு மெல்ல மெல்ல நின்றது. மாத்திரையை விட்டே பல வருஷம் ஆகிறது. என்னைவிட வேகமாகச் சைக்கிள் ஓட்டுகிறாள்.

"ஜி.பி.எஸ்ஸே வாங்குப்பா. எல்லா தூரமும் வரும்" என்றாள் சைக்கிள் கடையில்.

நான் சென்சார் பெட்டியை எடுத்து, இதுதான் வேண்டும் என்று நீட்டினேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், இது பழைய டைப்பு. சக்கரம் சுத்தாத தூரமெல்லாம் இதுல ஏறாதே..."

"ஏற வேண்டாம்ங்க. அது நான் போன தூரம் இல்லை."