கேட்டுக் கொட்டகைச் சுவர்

செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியைத் தாண்டி ஓமலூர் ரோட்டைப் பிடிக்கிற வழியில் ஒரு முக்கு இருந்தது. தெரு அங்கே வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பும். திரும்புகிற இடத்தில், பாதி வழியை அடைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்காக ஒரு மண்சுவர் நிற்கும். வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கிய காலத்தில் கட்டிய கொட்டகையின் சுவர் அது. சுங்கம் எடுபட்டு நாலைந்து வருஷம் ஆகியும் ஜனங்கள் அந்தக் கொட்டகையை, வண்டிகளை மறித்த சுங்க 'கேட்'டை வைத்து, கேட்டுக் கொட்டகை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுங்கக் குத்தகைக்காரரின் மருமகன் ராசப்பன் அதற்குள் சோளத்தட்டை அடைத்துப் பூட்டி வைத்திருந்தார். கட்டடம் தன் மாமனாருடையது என்று அவர் சொன்னார். நிலம் தங்களுடையது என்றது நகராட்சி. வழக்கு முன்சீப் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாக நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சுவர் செங்கோடனின் தூக்கத்தைக் கெடுக்கத் தொடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில்.

செங்கோடன் நகராட்சியின் தண்ணீர் வண்டிக்காரன். இரும்புத் தொட்டி வைத்த மாட்டு வண்டி. தொட்டிக்குப் பின்னால் வரிசையாகத் துளை போட்ட குழாய். காலையில் கிணற்றடியில் தொட்டியை நிரப்பி, தெருத்தெருவாகத் தெளித்துக்கொண்டு போனால் புழுதி ஒரு மூன்று மணி நேரம் அடங்கிக் கிடக்கும். முன்பெல்லாம் யாரும் அவனைப் பொருட்படுத்தியதில்லை. மோட்டார் பஸ்கள் பெருகிய பிறகுதான் அவன் அருமை தெரிந்தது. ஒரு பஸ் போனால் எதிர் வரிசைக் கடையே கண்ணுக்குத் தெரியாதபடி புழுதி எழும்.

தை மாதம் அவன் மச்சினன் குழந்தைக்கு ஆட்டையாம்பட்டியில் காதுகுத்து. முதல் நாள் மாலையே மனைவி சௌந்திரத்தோடு போனவன், விடியலில் கிளம்பி வந்துவிடுவதாக ஆபீசில் சொல்லியிருந்தான். ஒறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரர்கள் விடவில்லை. இலை போட்டாயிற்று, உட்கார்ந்து எழுந்திருங்கள் என்றார்கள். அவன் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே முக்குப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

போட்டி முதலாளிகள் இருவரின் பஸ்கள், ஆள் பிடிப்பதற்காக ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வந்திருந்தன. கீரைக்காரி கந்தம்மாள் முதல் பஸ் போகட்டும் என்று ஒதுங்கி நின்று, அது போனதும் புழுதிக்குள் இறங்கிவிட்டாள். சுவருக்குப் பின்னால் இரண்டாவது பஸ் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. பஸ்காரனுக்கும் அவள் தெரியவில்லை. செங்கோடன் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவளைக் கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தெருவில் அரைக்கீரைக் கட்டுகள் சிதறிக் கிடந்தன.

கந்தம்மாள் பிழைத்தாள். இடது கால் எலும்பு மட்டும் குட்டையாகச் சேர்ந்தது.

அவனை யாரும் குற்றம் சொல்லவில்லை. அரை நாள் தண்ணீர் தெளிக்காததை ஆபீசில்கூட ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் அவனைப் போட்டு அரித்தது. சோற்றுக்கு உட்கார்ந்தால் இரண்டு கவளத்தில் எழுந்துவிடுவான். பஸ் ஹாரன் சத்தம் கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் தலை திரும்பும்.

"ஏனுங்க, ஒரு எடத்துல உக்கார மாட்டீங்களா? பாக்கற எனக்கே தலை சுத்துது" என்றாள் சௌந்திரம்.

"உக்காந்தா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது."

"பஸ்ஸு இடிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவன் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினான்.

மற்றத் தெருக்களுக்கு ஒரு நடை என்றால் முக்குக்கு மூன்று நடை தெளித்தான். மாசியில் கிணறு வற்றத் தொடங்கியதும் நகராட்சி ஓவர்சியர் கூப்பிட்டுக் கண்டித்தார். பிறகு செங்கோடன் ஒன்றைக் கவனித்தான். தன் வண்டி முக்கில் நிற்கிறபோது பஸ்கள் ஊர்ந்துதான் திரும்புகின்றன. அன்றிலிருந்து பஸ் வருகிற நேரம் பார்த்து அங்கே மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதுபோல வண்டியைக் குறுக்கே நிறுத்த ஆரம்பித்தான். ஒரு வாரம் நடந்தது. பஸ்காரர்கள் ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்தார்கள்.

"உன்னைத் தெளிக்கச் சொன்னோமா, வழி மறிக்கச் சொன்னோமா?" என்று கேட்டார் ஓவர்சியர். வெற்றிலைக் காவி ஏறிய பல்லும் எந்நேரமும் கையில் அளவு நாடாவுமாக இருக்கும் மனிதர். கெட்டவர் அல்ல.

"அந்தச் சொவரை எடுத்துப்புட்டா நான் எதுக்குங்க மறிக்கறேன்? வார வண்டி போற வண்டிக்குத் தெரியறதில்லீங்க."

"எனக்கு மட்டும் தெரியாதா? கோர்ட்டுத் தீர்ப்பு வராமல் ஒரு கல்லைத் தொட முடியாது. ராசப்பன் தடையுத்தரவு வாங்கி வைத்திருக்கிறார்."

"தீர்ப்பு எப்பங்க வரும்?"

ஓவர்சியர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "அதை ஜட்ஜிடம்தான் கேட்க வேண்டும்" என்றார்.

அன்று மாலை செங்கோடன் சுவரின் அடியை விரலால் சுரண்டிப் பார்த்தான். வெறும் மண். மேல் பூச்சு போய் வருஷக்கணக்காயிற்று. அவனிடம் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

மறுநாள் முதல், கடைசி நடையில் மிஞ்சிய தண்ணீரைச் சுவர் ஓரமாக வண்டியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தித் திறந்து விட்டான். தொட்டியைக் கழுவுவதுபோலத் தோன்றும். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பானோ என்னவோ. பத்து நாளில் அடிமண் களியாகக் குழைந்தது. பதினைந்தாம் நாள் சுவரின் நடுவில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியது. அதைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் காலை கந்தம்மாள் அந்தச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

கால் இழுக்கிறது, தெருத்தெருவாகக் கூடையைச் சுமந்து விற்க முடியாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்பதென்று முடிவு செய்து, வெயில் படாத இடம் பார்த்து வந்திருக்கிறாள். முன்னால் கீரைக்கூடை. முதுகைச் சுவரில் சாய்த்திருந்தாள். அவள் தலைக்கு இரண்டு முழம் மேலே அந்த வெடிப்பு.

செங்கோடன் வண்டியிலிருந்து குதித்தான். "ஏனுங்கக்கா, இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? அக்கட்டால அரசமரத்தடிக்குப் போங்க" என்றான்.

"அங்க ஈயி மொய்க்குது சாமி. இங்க குளுகுளுன்னு இருக்குது."

குளுகுளுவென்றுதான் இருக்கும். அவன் ஊற்றிய தண்ணீர்.

தண்ணீர் விடுவதை அன்றே நிறுத்தினான். ஆனால் ஊறிய சுவர் ஊறியதுதான். வெடிப்பு விரல் அகலம் ஆனது. அவன் தெளிக்கிற வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு ஓடி ஓடி வந்து பார்த்தான். நிழலுக்கு ஒதுங்கியவர்களை விரட்டினான். மூட்டையை இறக்கி வைத்த கூலியாட்களோடு சண்டை போட்டான். பஸ் கடக்கும்போதெல்லாம் சுவர் அதிர்வதாக அவனுக்குத் தோன்றியது. ஒரு காலை முடமாக்கியது போதாதென்று அந்த மனுஷியை உயிரோடு புதைக்கப் போகிறோம் என்ற எண்ணம் பிடித்து ஆட்டியது. மூன்றாம் நாள் கூடைக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தான்.

"அக்கா, இந்தச் சொவரு உழுந்துரும். எந்திரிச்சுப் போயிருங்க."

"இத்தனை வருசம் உழுகாதது இப்ப உழுந்துருமா?"

"நாந்தான் தண்ணி ஊத்துனேன். அரை மாசமா ஊத்துனேன்."

கந்தம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பித் தலைக்கு மேலே பார்த்தாள். வெடிப்பைக் கண்டதும் கூடையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். தெருவின் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் பேசினாள்.

"எதுக்கு ஊத்துனே?"

"அன்னைக்கு நான் நேரத்துல வந்து தெளிச்சிருந்தா உங்களுக்குக் காலு போயிருக்காது. இந்தச் சொவரு இல்லாட்டியும் போயிருக்காது."

"என்ற காலுக்காகவா ஊத்துனே?"

"ஆமாங்க."

"என்ற காலுக்காக என்ற தலையில சொவரைத் தள்ளப் பாத்தியே." அவள் குரல் உயரவில்லை. "எந்தப் பக்கம் சாயும்?"

"தெரியலீங்க."

"அது தெரியாமயா ஊத்துனே?" முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "சரி. நீ அந்த முனைக்குப் போயி நில்லு. இக்கட்ட வாரவங்களை நான் பாத்துக்கறேன்."

அப்படியே இரண்டு நாள் இருவரும் காவல் நின்றார்கள். அவள் கீரை விற்றுக்கொண்டே, சுவர்ப்பக்கம் நடப்பவர்களை அதட்டி இழுத்தாள். பாம்பு இருக்கிறது என்று சொன்னாள். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. செங்கோடன் வண்டியைக் கிணற்றடியிலேயே போட்டுவிட்டு மறுமுனையில் நின்றான்.

இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மேலேயிருந்து ஓட்டுச் சில்லு ஒன்று உருண்டு விழுந்தது. பிறகு சுவர் தொப்பென்று இடுப்பில் மடிந்து, தெருப்பக்கமாகவே சரிந்தது. கடைவீதிப் பக்கம் ஹாரன் கேட்டது. எழுந்த புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. செங்கோடன் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு, சத்தம் வந்த திசையில் தெரு நடுவே ஓடினான். எவ்வளவு தூரம் ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. பஸ்ஸின் முகப்பு அவன் மார்புக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து அவனைக் கன்னத்தில் அறைந்தான். புழுதி அடங்கி மண்மேட்டைப் பார்த்தபின் ஏறிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஓவர்சியர் வந்தார். இடிந்த சுவரின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். உருண்டையாக நின்றது.

"பங்குனி வெயிலில் மண் இப்படி ஊறுமா?"

"நாந்தானுங்க" என்று ஆரம்பித்தான் செங்கோடன்.

"நான் உன்னைக் கேட்கவில்லை" என்று ஓவர்சியர் உருண்டையைத் தூர எறிந்தார். தலையில் அடித்துக்கொண்டு வந்த ராசப்பனைப் பார்த்து, "பஸ் நிறைய ஜனம். அத்தனை பேர் மேலும் உங்கள் சுவர் விழுந்திருந்தால் வழக்கு முன்சீப் கோர்ட்டோடு நிற்காது, கொலைக் கேஸாகிவிடும்" என்றார். ராசப்பன் சோளத்தட்டை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மறுபடி சுவர் எழுப்ப அவர் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை செங்கோடனிடமிருந்து தண்ணீர் வண்டியை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார்கள். அவனை ரோடு போடும் கூட்டத்தில் ஜல்லி சுமக்க அனுப்பினார்கள். ஏன் என்று ஓவர்சியரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

முக்கு திறந்துவிட்டது. ஓமலூர் ரோட்டுப் பக்கம் வருகிற மாட்டின் கொம்பு கடைவீதியிலிருந்தே தெரிந்தது. சௌந்திரம் இனியாவது புருஷன் உட்கார்ந்து சாப்பிடுவான் என்று நினைத்தாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி இரண்டு கவளத்தில் எழுந்தான்.

"இப்ப என்னங்க?"

"முன்னயாச்சும் சொவருக்குப் பயந்து மெதுவாத் திரும்புனானுங்க. இப்பப் பறக்கறானுங்க."

அது மெய்தான். வழி தெரிகிறது என்பதால் எவனும் பிரேக்கைத் தொடுவதில்லை. அடுத்த ஐப்பசியில் அந்தத் தெருவுக்குத் தார் போட்டார்கள். வேகம் இன்னும் கூடியது. செங்கோடன் வேலைக்கு நடுவே ஜல்லிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே ஓவர்சியரிடம் போனான்.

"நடக்கற சனத்துக்குன்னு ஒரு ஓரம் வேணுமுங்க. பஸ்ஸு ஏற முடியாத மாதிரி கல்லு நட்டு, ஒரு முழம் ஒசரத்துல."

"முன்னே சுவர் வேண்டாமென்றாய். இப்போது கல் வேண்டுமென்கிறாய்."

"அது மறைச்சுதுங்க. இது மறைக்காது."

ஓவர்சியர் அதை எழுதிக்கொண்டார். நகராட்சிச் சபையில் இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாம் முறை ஒரு பக்கத்துக்கு மட்டும் அனுமதி ஆயிற்று. கல் வந்து இறங்க மேலும் ஒரு வருஷம். முக்கிலிருந்து அறுபது கஜத்துக்கு நடைமேடை கட்டினார்கள். விளிம்புக் கற்களில் பாதிக்கு மேல் செங்கோடன் கையால் நட்டவை. ஒவ்வொரு கல்லையும் நட்டபின் காலால் உதைத்துப் பார்த்து, அசைந்தால் பிடுங்கி மறுபடி நட்டான். மேஸ்திரிக்கு அவனோடு தினமும் சண்டை.

சுண்ணாம்பு அடித்து முடித்த மறுநாள் காலை அவன் பார்க்க வந்தான். ஜனங்கள் வழக்கம்போலத் தாரிலேயே நடந்துகொண்டிருந்தார்கள். மேடைமேல் நட்டநடுவில் கந்தம்மாள் கூடையைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் முருங்கைக்கீரைக் கட்டு. ஒரு பூனைகூடத் தாண்ட முடியாது.

"அக்கா, இது நடக்கறதுக்குக் கட்டுனது."

"நடக்கறவங்க நடக்கட்டும். நான் என்ன கையைப் புடிச்சா இழுக்கறேன்?"

"எங்க நடப்பாங்க? எடத்தையெல்லாம் அடைச்சுட்டீங்களே."

"எனக்குப் பஸ்ஸு மேல வராத எடம் இது ஒண்ணுதான் சாமி."

கடைவீதிப் பக்கம் ஹாரன் கேட்டது. அவன் தலை திரும்பியது. அதே நேரம் அவள் தலையும் திரும்பியதை அவன் அன்றைக்குத்தான் கவனித்தான். தோளில் நெல்லுமூட்டையோடு தாரில் வந்துகொண்டிருந்த ஒரு கிழவர், சத்தம் கேட்டு எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் தடுமாறினார்.

கந்தம்மாள் முருங்கைக்கீரைக் கட்டுகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். கூடையை மேடையின் உட்புற ஓரத்துக்கு இழுத்து, நல்ல காலை ஊன்றி ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏறி வாங்க, இப்படி வாங்க" என்று கிழவரை நோக்கிக் கையை ஆட்டினாள்.

கிழவர் கல்லில் கால் வைத்து ஏறினார். பஸ் போயிற்று. செங்கோடன் அவர் மிதித்த கல்லை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று நடந்தான்.