அளந்து கொடுத்த தண்ணீர்

ஒரகடத்தில் கனகலட்சுமி அக்காவின் மெஸ் சாப்பாடு சுமார்தான். அக்காவின் வாய்தான் பிரசித்தம். இன்னொன்றும் உண்டு. யாராவது ஒன்றைச் செய்யச் சொல்லி அக்கா தலையாட்டிவிட்டால் அதிலிருந்து இம்மியும் நகரமாட்டாள். சிலிண்டர் போடுகிறவர் எப்போதோ ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுக்கச் சொன்னார். அன்றிலிருந்து, படுத்த பிறகும் எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்ப்பாள். மெஸ்ஸில் சாப்பிடுகிற நாங்கள் கேலி செய்தால், "சிரிங்கலே, சிரிங்க. வெடிச்சா சோத்துக்கு எங்க போவிய?" என்பாள்.

அக்கா குடும்பம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அவள் புருஷன் பெருமாள்சாமி அண்ணன், இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் அச்சிலிருந்து மணலை உதறும் வேலையில் இருந்தார். அந்தத் தூசியை எத்தனை வருஷம் விழுங்கினாரோ, ஓயாத இருமல். அக்கா பேசுவதற்கெல்லாம் இருமியே பதில் சொல்லிவிடுவார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவருக்குக் கால் வீங்கியது. இந்த ஏரியாவில் யாருக்குத்தான் கால் வீங்கவில்லை? ஓ.டி.யும் சேர்த்து நாள் முழுக்க கம்பெனி லைனில் நின்றே வேலை செய்கிறவர்கள் நாங்கள். சாப்பிட வந்ததும் பேன்ட்டைத் தூக்கி, கட்டைவிரலால் காலை அழுத்தி, யாருக்குக் குழி ஆழம் என்று போட்டி போடுவது எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஒருநாள் அண்ணனும் காலை நீட்டினார். விரலை எடுத்து வெகுநேரம் ஆகியும் குழி மேலே வரவில்லை. அவர்தான் ஜெயித்தார் என்று கை தட்டினோம். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரித்தார். பட்டறையில் நின்று நின்று வந்த வீக்கம் என்று அக்கா அவருக்கு ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தாள்.

வயிறும் வீங்கி, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தண்டலம் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நேராக ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "நுரையீரல் கெட்டுப் போயிருக்கும்மா. அதுக்குள்ள ரத்தத்த தள்ளித் தள்ளியே இதயத்தோட வலது பக்கம் ஓய்ஞ்சு போச்சு. அதான் ஒடம்பெல்லாம் தண்ணி தேங்குது. குடிக்கிற தண்ணிய அளந்துதான் குடுக்கணும்."

"மோட்டார் இழுக்கல, தொட்டிய ரொப்பாதங்கிறீய. அப்படித்தானே?" என்றாள் அக்கா. அவர் ஆமாம் என்றார். அவ்வளவுதான், அக்கா தலையாட்டிவிட்டாள்.

ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டாள். அதுதான் அன்றைய தண்ணீர். பார்வை நேரத்தில் உள்ளே போய், மருந்து மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுப்பாள். அண்ணனுக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "கனகு, ஒரு மடக்கு" என்று கெஞ்சுவார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செத்த பொறுங்க" என்பாள். வெளியே வந்து அழுவாள்.

ஒருநாள் மதியம் அவளை நேரம் பார்க்காமல் உள்ளேயே உட்காரவிட்டார்கள். டாக்டர் வந்து, "இனிமே அளவு பார்க்க வேணாம்மா. அவர் கேக்கறதக் குடுங்க" என்றார்.

அந்த வார்த்தையை டாக்டர்கள் எப்போது சொல்வார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "நேத்து வரைக்கும் ஆகாதுன்ன தண்ணி இன்னிக்கு மட்டும் எப்படி ஆகும்?" என்று டாக்டரிடமே கேட்டாள்.

அண்ணன் தண்ணீர் கேட்டார். அக்கா பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள். நர்ஸ் பொண்ணு ஷாரோன் பக்கத்தில் வந்து, "குடுங்கக்கா, ஒண்ணும் ஆவாது" என்றது. அண்ணன் மறுபடியும் கேட்டார். "சாயங்காலம் தாரேன். இப்பமே குடிச்சிட்டா அப்புறம் என்ன செய்விய?" என்றாள் அக்கா. பாட்டிலில் கோட்டுக்குக் கீழே பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. சாயங்காலத்துக்கு முன்பே அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா திரும்பவும் மெஸ்ஸைத் திறந்தாள். வாய் மட்டும் அடங்கிப் போயிருந்தது. மனசு கேட்காமல் ஒருநாள் நான் ஆறுதல் சொல்லப் போனேன். "உனுக்கு இன்னாக்கா தெரியும்? டாக்டர் அளவா குடுக்கச் சொன்னாரு, நீ குடுத்த. தெரியாமதான செஞ்ச."

"தெரிஞ்சுதான் செஞ்சேன் தம்பி," என்றாள். "அந்தத் தண்ணியக் குடுத்தா, போயிட்டு வாங்கன்னு நானே சொன்ன மாதிரில்லா? அதான் குடுக்கல. கோட்டத் தாண்டாம இருந்தா அவரும் இருப்பாருன்னு நெனச்சேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு தம்பி. சாயங்காலம் தாரேன்னேன்லா, அதுக்கு ஒரு வார்த்த வையல. என் கையப் பிடிச்சிட்டு, 'சரி கனகு, சாயங்காலமே குடு'ன்னாரு."