வாசமில்லாத மரம்

அலோசியஸ் பாஸின் கண்ணை நம்பி யாரும் மரம் வாங்குவதில்லை, மூக்கை நம்பித்தான் வாங்குவார்கள். மரவேலைக்காரரை மட்டக்களப்பில் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. அறுபத்து மூன்று வயதுக்குள் இந்தப் பாஸுக்குக் கண்ணாடி மூன்று தரம் மாறிவிட்டது. மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, குனிந்து ஒரு இழுப்பு இழுப்பார். "தேக்குத்தான், ஆனா இளசு" என்பார். "முதிரை எண்டு சொல்லி உங்கட தலையில கட்டிப்போட்டான்" என்பார். கரடியனாற்றிலிருந்து கதவுநிலைக்கு மரம் ஏற்றிவந்த ஒருவர், பாஸ் மூக்கைச் சுளித்ததைப் பார்த்ததும் இறக்காமலே லொறியைத் திருப்பிக்கொண்டு போனார் என்று பாஸ் குடியிருக்கும் சின்ன உப்போடையில் ஒரு கதை உண்டு. கதையைப் பரப்பியவர் பாஸ்தான் என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக் குடும்பம். வீட்டுக்குள் பாதிப் பேச்சு பறங்கிப் பாஷை, மீதி தமிழ். பிள்ளைகள் இல்லை. பாஸும் மனைவி றீட்டாவும் மட்டும். பட்டறை வீட்டின் பின்பக்கம், சமைக்கும் குசினியின் சுவரோடு ஒட்டியது. அந்தச் சுவரின் மேல்பாதியில் கல் இல்லை, வெறும் மரச்சட்டம். பட்டறையில் நின்றபடி "றீட்டா, தேத்தண்ணி" என்று குரல் கொடுத்தால் சட்டத்தின் இடைவெளியால் கோப்பை வந்துவிடும். கலியாணம் முடித்த வருடம் பாஸே யோசித்துக் கட்டிய சுவர் அது. தம்பி றிக்கியின் வளவு இரண்டு வீடு தள்ளி வாவிக்கரையில் வெறுமனே கிடந்தது. "பட்டறைய அங்க போடுங்கண்ணே" என்று அவன் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டான். தேத்தண்ணிக்கு யார் நடப்பது என்று பாஸ் கேட்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

முப்பத்தொரு வருடமாகக் கோப்பை அந்த வழியாக வருகிறது. கோப்பையோடு றீட்டாவின் இருமலும் வரும். பெரிய இருமல் ஒன்றுமில்லை. இரண்டு தரம் இருமுவாள், கொஞ்சம் நிறுத்துவாள், பிறகு இன்னொன்று. வெளியே போய்வரும் பாஸ் படலையைத் திறக்கும்போதே அந்தச் சத்தத்தை வைத்து அவள் குசினியில் நிற்கிறாளா கிணற்றடியில் நிற்கிறாளா என்று சொல்லிவிடுவார். ஏன் இருமுகிறாய் என்று யாராவது கேட்டால் மிளகாய் வறுத்தது என்பாள், வாவிக் காற்று என்பாள், மழை என்பாள். கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவளே அப்படிச் சொல்லும்போது மற்றவர்கள் என்ன செய்வது?

இந்த வீட்டுக்குள்தான் ஒரு பங்குனியில் இரண்டு கினிப்பன்றிகள் வந்து சேர்ந்தன. அடுத்த ஒழுங்கையில் இருந்த ஜிலியன் டீச்சர் மெல்பேனில் இருக்கும் மகனிடம் போகும்போது, விமானத்தில் ஏற்ற முடியாத சாமான்களில் கடைசியாக மிஞ்சியவை அவை. பன்றி என்பது பெயரில் மட்டும்தான். எலியைவிடப் பெரியது, பூனையைவிடச் சின்னது, வாலே கிடையாது. ஒன்று வெள்ளையும் கபிலமும், மற்றது முழுக்கக் கறுப்பு. டீச்சர் சங்கீத டீச்சர் என்பதால் ஒன்றுக்குப் பைலா என்றும் கறுப்புக்கு வால்ஸ் என்றும் ஆட்டங்களின் பெயரை வைத்திருந்தார்.

"ஊரெல்லாம் எலிக்குப் பொறி வைக்குது, நீ எலிக்குக் கரட் வெட்டிப் போடுறாய்" என்று பாஸ் முதல்நாள் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு கிழமைதான் நீடித்தது. கினிப்புல்லைக் கத்தியால் நறுக்கும் சத்தம் கேட்டதும் இரண்டும் முன்னங்காலைத் தூக்கி நின்று விசில் அடிக்கிற அழகைப் பார்த்த பிறகு, மனிதர் ஆணி ஒன்றும் அடிக்காமல், மூட்டு வெட்டிப் பொருத்தி, தேக்கில் இரண்டு தட்டுக் கூடு செய்து கொண்டுவந்து குசினியில் வைத்தார். கூட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் எலியைப் பற்றி அல்ல, மூட்டைப் பற்றித்தான் அவர் பேசினார்.

டீச்சர் கூட்டுக்குள் பழைய பேப்பர் விரித்திருந்தார். பாஸுக்கு அது மானப்பிரச்சினையாகப் போய்விட்டது. மரவேலைக்காரன் வீட்டுப் பிராணி பேப்பரில் படுப்பதா? வெளிநாட்டு மெஷின் வந்திறங்கும் பெட்டிகளில் வரும் பைன் பலகை அவரிடம் கொஞ்சம் இருந்தது. அதன் வாசம் அவருக்கு உயிர். அந்தப் பலகையை இழைப்புளியால் மெல்லிசாகச் சீவி, சுருள் சுருளாக எடுத்து, ஈரம் இழுப்பதற்கு அடியில் நைஸான வாள்தூளும் பரப்பி, பைலாவுக்கும் வால்ஸுக்கும் மெத்தை போட்டார். குசினியே கமகமத்தது. "ராசாக்கள் படுக்கிற படுக்கை" என்றார். கிழமைக்கு இரண்டு தரம், வந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, எலிகளுக்காகப் பைன் சீவினார்.

கச்சான் என்கிற மேல்காற்று பலமாக அடித்த ஆவணியில் வால்ஸ் தும்மியது. முதலில் இருவரும் அதை ரசித்தார்கள். பிறகு மூக்கு ஒழுகியது. பிறகு புல் நறுக்கினால் பைலா மட்டும் விசில் அடித்தது. வால்ஸ் மூலையில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாகக் குந்தியிருந்தது. றீட்டா அதைத் தூக்கிக் காதருகே வைத்துப் பார்த்தாள். மூச்சு இழுக்கும்போது உள்ளே டிக் டிக் என்று கேட்டது.

"இது சாகப்போகுது, இஞ்ச பாருங்க" என்றாள். கண் நிறைந்துவிட்டது. பாஸ் கட்டியிருந்த சாரத்தை மாற்றிக் களுசானைப் போட்டு, வால்ஸைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார்.

டொக்டர் ஆர்த்திகா வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளை. மாடும் ஆடும் பார்த்துப் பழகிய கையால் வால்ஸைப் பூப்போலப் பிடித்து, குழாயை வைத்துக் கேட்டார்.

"அடியில என்ன போட்டிருக்கீங்க பாஸ்?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் பாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பைன், சீவல், அடியில் வாள்தூள், வாசம் எல்லாம் சொன்னார். டொக்டர் முழுக்கக் கேட்டார்.

"கோவிக்காதீங்க. அந்த வாசம்தான் இதுக்கு நஞ்சு. பைன்ல இருக்கிற எண்ணெய்தான் மணக்கிற. இதுட நுரையீரல் இத்தனூண்டு, விரல் நகத்தளவு. அந்த எண்ணெயும் தூசும் ராப்பகலா உள்ள போகுது. நல்ல மெத்தை எண்டு நினைச்சுத்தான் போட்டிருக்கீங்க, ஆனா இதால தாங்க ஏலாது."

பாஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாற்பது வருடம் மரத்தோடு கிடந்தவனுக்கு மாட்டு டொக்டர் மரம் படிப்பிக்கிறதா? ஆனால் பெட்டிக்குள் டிக் டிக் கேட்டுக்கொண்டிருந்தது. மருந்துத் துளியையும், டொக்டர் எழுதித் தந்த கடதாசித் துண்டையும் வாங்கிக்கொண்டு எழுந்தார். துண்டில் 'வூட் பெலட்' என்று எழுதியிருந்தது.

மறுநாள் கல்லடிப் பாலத்தால் சைக்கிளை மிதித்துக் காத்தான்குடிக்குப் போனார். கோழித்தீன், மீன்தொட்டி, பூனைமணல் எல்லாம் விற்கும் நிஸ்தாரின் கடையில் அந்தச் சாமான் இருந்தது. குளிசை மாத்திரை மாதிரி சின்னச் சின்ன உருளை, ஒவ்வொன்றும் விரல் நுனி நீளம். பாஸ் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தார். இழுத்தார். மறுபடி இழுத்தார். ஒன்றுமே வரவில்லை. அவருடைய வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மரம் அவரிடம் பெயர் சொல்லாமல் இருந்தது.

"இது செத்த மரம் தம்பி" என்றார்.

"அதுக்குத்தானே பாஸ் இப்பிடிச் செஞ்சிருக்கு" என்று நிஸ்தார் சிரித்தான். "தூளைச் சூடாக்கி, வாசத்தையும் ஈரத்தையும் எடுத்துப்போட்டு இறுக்கி அமுக்கின. பசை ஒண்டும் இல்ல. அடுப்புக்கு எரிக்கிற பெலட்டும் வருது, அத வாங்கிரப்படா, அதுக்குள்ள என்ன கலந்திருக்கோ தெரியா. இத ரெண்டு விரல்கடை உயரத்துக்குப் போடுங்க. கால்ல குத்தும், மேல காஞ்ச புல் போடோணும். நனைஞ்ச இடம் மாத்திரம் உதிர்ந்து தூளாகும், அத மட்டும் அள்ளிப்போட்டா சரி."

வீட்டுக்கு வந்ததும் ஒரு குளிசையைக் கோப்பை மூடியில் வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார் பாஸ். அது மெல்ல உப்பி, வெடித்து, பழையபடி வாள்தூளானது. ஈரத் தூள், ஆனால் பறக்காத தூள். "கெட்டிக்காரன்தான் செஞ்சிருக்கான்" என்று ஒப்புக்கொண்டார். பைன் முழுவதையும் வழித்தெறிந்து, கூட்டைக் கழுவிக் காயவைத்து, குளிசையைப் பரப்பி மேலே காய்ந்த புல் போட்டார். உதிர்ந்த தூளை அரித்தெடுக்க அடியில் கம்பிவலைத் தட்டு ஒன்றும் செய்துவிட்டார். இடையில் தும்மத் தொடங்கியிருந்த பைலா இரண்டு நாளில் அதை நிறுத்தியது.

வால்ஸ் நிறுத்தவில்லை. மருந்தும் உள்ளே போனது, கரட்டும் போனது, மடியில் வைத்து றீட்டா தடவித் தடவி விடியவைத்தாள். ஐந்தாம் நாளும் டிக் டிக் போகவில்லை. பாஸ் மறுபடியும் சப்பாத்துப் பெட்டியோடு போய் நின்றார். இந்தத் தரம் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"நீங்க சொன்னபடி எல்லாம் செஞ்ச, டொக்டர். கூட்டுக்குள்ள ஒரு பொட்டுத் தூசு கிடையாது."

ஆர்த்திகா யோசித்தார். "கூடு எங்க வச்சிருக்கீங்க?"

"குசினிக்குள்ள."

"உங்கட பட்டறை?"

"குசினிச் சுவருக்கு அங்கால. நடுவில மரச்சட்டம்."

"அப்ப கூட்டுக்குள்ள தூசு இல்ல, கூட்டுக்கு வெளியால இருக்கு. கச்சான் அடிக்கிற நேரம், வாளைப் போட்டா எல்லாம் குசினிக்குத்தானே வரும். முதல்ல அங்க இருந்து எடுங்க." எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "அந்தக் குசினியில வேற ஆரும் இருக்கிறாங்களா?"

"றீட்டா இருக்கிறா. என்ட மனுசி."

"அவங்களுக்கு வருத்தம் நோய் ஒண்டும் இல்லையா?"

"இல்ல, இல்ல. அவளுக்கு ஒண்டுமில்ல. இருமல் மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் பாஸ் தாம் சொன்னதைக் கேட்டார். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவர் டொக்டரைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதம் தூசு குடித்த எலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தரம் டொக்டரிடம் ஓடிவந்தாயிற்று. முப்பத்தொரு வருடம் குடித்தவளை ஒரு நாளும் எங்கும் கூட்டிப்போனதில்லை.

வீட்டுக்குப் போனதும் குசினி அலுமாரியின் மேல்தட்டில் விரலை வைத்து இழுத்தார். மஞ்சளாகத் தூள் ஒட்டியது. காலையில் றீட்டா துடைத்த தட்டு அது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். தேக்கு. புறப்படுமுன் அறுத்த தேக்கு.

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"என்னத்த?"

"தூசை."

றீட்டா தோளைக் குலுக்கினாள். "பாஸக் கலியாணம் முடிச்சா தூசு வரும்தானே. மறுகா அதுக்கு என்ன செய்யிற?"

அன்று பின்னேரமே பாஸ் றிக்கியின் வளவில் போய் நின்று குழி தோண்டத் தொடங்கினார். கையில் இருந்த கதவுநிலை வேலையை ஒரு மாதம் தள்ளிப்போட்டார். பட்டறைக் கூரையைக் கழற்றி வாவிக்கரைக்குக் கொண்டுபோனார். குசினிச் சுவரின் சட்டத்தைப் பலகையால் அடைத்து மூடினார். எலிக்காகப் பட்டறையையே தூக்கிவிட்டார் என்று ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று பாஸ் விட்டுவிட்டார். ஒருநாள் றீட்டாவே கேட்டாள்: "உண்மையாவே வால்ஸுக்காகவா இவ்வளவும்?" "உனக்காக" என்றார் பாஸ். அவள் நம்பாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது எதிர்ப்பேச்சில்லாமல் சேலையை மாற்றினாள். நெஞ்சு டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். போனது போனதுதான், இனிமேல் கூடாமல் பார்க்கலாம் என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்தார்.

வால்ஸ் பிழைத்துக்கொண்டது. எப்போதாவது ஒரு தும்மல் மட்டும் உண்டு. பாஸ் இப்போது வாவிக்கரையில் வேலை செய்கிறார். தேத்தண்ணிக்கு இரண்டு வீடு தாண்டி நடந்து வருகிறார். வரும்போது கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் வார்த்து, வேலைச் சட்டையை அங்கேயே கழற்றி, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் குசினிக்குள் கால் வைக்கிறார்.

கார்த்திகையில் மழை பிடித்த ஒரு பின்னேரம். மழைக்காலம் என்றால் றீட்டாவின் இருமல் ஒரு பங்கு கூடுவதுதான் வழக்கம். பாஸ் படலையைத் திறந்தார். சத்தம் இல்லை. கிணற்றடியைப் பார்த்தார், ஆள் இல்லை. கொஞ்சம் நின்று காது கொடுத்தார். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. குளிப்பையும் மறந்து, தூசுச் சட்டையோடு குசினிக்குள் ஓடினார்.

றீட்டா சின்னக் கதிரையில் உட்கார்ந்து, மடியில் வால்ஸை வைத்துக்கொண்டு, கூட்டின் தட்டை அரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு இப்பிடி ஓடி வாறீங்க?"

"உன்ட சத்தம் கேக்கல்ல."

"இருமினாத்தான் நான் இருக்கிறன் எண்டு அர்த்தமா?"

பாஸ் கதவோடு சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கியது. "இவ்வளவு காலமும் அப்பிடித்தானே நினைச்சிருந்தன், றீட்டா" என்றார்.

றீட்டா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவருடைய சட்டையைப் பார்த்தாள்.

"முதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றாள். "தேத்தண்ணி போடுறன்."