கடைசி ஊசி அக்கா

அந்தச் சுகாதார நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்பவர் யாரும் இல்லை. "கடைசி ஊசி அக்கா இருக்காங்களா?" என்றுதான் கைக்குழந்தையோடு வந்து நிற்பார்கள். அவர் தடுப்பூசி போடும் நர்ஸ். தொடையைப் பஞ்சால் துடைக்கும்போதே குழந்தையின் காதருகே குனிந்து, "இதான் கண்ணு கடைசி ஊசி" என்பார். அடுத்த மாதம் அதே குழந்தை வந்தாலும் கூசாமல் அதையே சொல்வார். கேட்கிறவருக்கு ஞாபகம் இருக்காது என்பது அந்தத் தொழிலில் பெரிய வசதி.

கை பூ மாதிரி. அழலாமா வேண்டாமா என்று குழந்தை யோசித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். தனக்கு ஊசி என்றால் மட்டும் கதை வேறு. ஊழியர்களுக்கு வருஷாவருஷம் ஃப்ளூ ஊசி போடும் நாளில் அவருக்குத் தலை வலிக்கும், இல்லையென்றால் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடையும்.

"உங்க வீட்டுக் குழாய் எத்தனை தடவைதான் உடையும்?" என்பார் டாக்டரம்மா.

"பழைய வீடு மேடம்."

இந்த வருஷம் அட்டவணை மாறியது. தட்டம்மைக்கு ஐந்து வயதில் இன்னொரு தவணை. முன்னால் போட்டது சில பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடித்திருக்காது, அந்த ஓட்டையை அடைக்கத்தான் இது என்று டாக்டரம்மா விளக்கினார். அக்கா தலையாட்டினார். ஆட்டும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டார். ஐந்து வயது, வாய் பேசும் வயது. அதைவிட மோசம், அது அவருடைய அண்ணன் மகளின் வயது. போன தடவை அவள் தலையில் கை வைத்தே சொல்லியிருந்தார், "சத்தியமா கடைசி" என்று.

ஊசி போடப் போன பள்ளிக்கூட வகுப்பறையில், மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் திறந்தபோது வரிசையில் முதல் ஆளாக நின்றதும் அவள்தான்.

"கடைசின்னு சொன்னியே அத்தை."

"அது... அப்போ கடைசி."

"என்கிட்டயும் சொன்னாங்க" என்றான் பின்னால் நின்ற பொடியன். "என்கிட்டயும்." வரிசை பின்னல் பிரிவதுபோலப் பிரிந்து, மேசைகளுக்கு அடியில் போய் ஒளிந்தது. டீச்சர் அதட்டிப் பார்த்தார். ஒரு தலையும் வெளியே வரவில்லை.

பக்கத்துத் தெருவில் தட்டம்மை தலைகாட்டியிருந்த நேரம். இன்றைக்கு இந்த வகுப்பு நழுவினால் பழி தன் வாய்க்குத்தான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மேசைக்கடியில் குனிந்தார்.

"நான் சொன்னது பொய்தான்டா. அழுவீங்களேன்னு சொல்லிட்டேன். இன்னும் எத்தனை ஊசி வரும்னு எனக்கே தெரியாது. புதுசா ஏதாவது தெரிஞ்சா மாத்துவாங்க."

மேசைக்கடியில் ஆலோசனை நடந்தது.

"வலிக்குமா?" அண்ணன் மகளின் குரல்.

"கொஞ்சம் வலிக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ போட்டுக்கிட்டியா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த டாக்டரம்மா ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டார். "உங்க பங்கு ஃப்ளூ ஊசி இதுலதான் இருக்கு. இங்கே குழாய் எதுவும் உடையாதுன்னு எடுத்துட்டு வந்தேன்."

அக்காவின் முகம் டாக்டரம்மா கையிலிருந்த பஞ்சின் நிறத்துக்கு வந்தது. ஆனாலும் கையை நீட்டினார். அண்ணன் மகள் தவழ்ந்து வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் பாரு அத்தை. இங்க பாக்காத."

ஊசி இறங்கியபோது அக்கா போட்ட சத்தம் எந்த எழுத்திலும் அடங்காது. மேசைகளுக்கு அடியில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது, பிறகு பிள்ளைகள் வந்தார்கள். "இவங்க நம்மளவிட மோசம்டா" என்று பொடியன் வரிசையில் முன்னால் போய் நின்றான்.

அவனைத் தள்ளிவிட்டு அண்ணன் மகள் சட்டைக் கையை ஏற்றினாள். "கடைசின்னு சொல்லக் கூடாது."

"சொல்லல. இப்போதைக்கு இது."

அடுத்த வருஷம் ஊழியர் ஊசி நாளில் குழாய் உடையவில்லை. அக்கா நேரத்துக்கு வந்துவிட்டார். கையைப் பிடித்துக்கொள்ள அண்ணன் மகளையும் கூட்டி வந்திருந்தார்.