கிரகணம் பார்க்க வெட்டிய படம்

ரயில் வளைவில் எப்படித் திரும்புகிறது என்பது என் அம்மாவுக்கு நடு வயது வரை தெரியாது. பஸ்ஸில் இருப்பதுபோல ரயிலிலும் ஒரு பெரிய ஸ்டியரிங் இருக்கிறது, டிரைவர் அதை வளைத்து வளைத்துப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று நம்பியிருந்தாள். ஒருமுறை செங்கல்பட்டுக்கு ரயிலில் போனபோது, "இத்தினி பொட்டியையும் சேத்து திருப்பணுமே, பாவம், கை வலிக்காது அந்தாளுக்கு?" என்று கேட்டு மாட்டிக்கொண்டாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவுக்குச் சிரிக்க என்ன யோக்கியதை இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அன்னாசி, பலாவைப்போல மரத்தில் தொங்கும் பழம் என்று வாதாடியவர் அவர்.

இந்தக் கதைகளை இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் சொல்லிச் சிரிக்கிறோம். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எது தெரியாது என்று ஒரு சுற்று வந்தால் சாப்பாட்டு இலை எடுக்கும்வரை பொழுது போய்விடும். அத்தையின் கதையை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறிகள் இருந்தன. ஒன்றில் அப்பா உட்காருவார், மற்றதில் அத்தை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் எங்கள் வீட்டில் கடைசித் தீர்ப்பு அவளுடையது. எல்லாம் கிரிக்கெட் கொடுத்த அறிவு. டிவியில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் காதால் கேட்டுக்கொண்டே நெய்வாள். ஆட்டம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்வாள். ஆஸ்திரேலியாவில் விடியும்போது நமக்கு இருட்டு என்பதை எனக்குப் புத்தகம் சொல்வதற்கு முன்பே அத்தை சொல்லிவிட்டாள். "வெஸ்ட் இண்டீஸ்னு ஒரு நாடே கெடையாதுடி, தெரியுமா? அத்தினியும் தீவு. ஆட்டத்துக்கு மட்டும் ஒண்ணா சேந்துக்குவாங்க" என்பாள். அம்மாவின் ரயிலுக்கும் அப்பாவின் அன்னாசிக்கும் அதிகமாகச் சிரித்தவள் அவள்தான்.

எனக்குப் பத்து வயதாக இருந்த வருடம் மழைக்காலத்தில் அத்தைக்கு இருமல் வந்தது. கஷாயம் கேட்கவில்லை, தெருமுனை மருந்துக்கடை மாத்திரையும் கேட்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுடும். ரவிக்கை தொளதொளவென்று ஆகி, கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். மார்கழி முடிகிற நேரத்தில் அம்மா பிடிவாதமாக அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எடுத்துவிட்டு இரண்டு பேரும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அத்தை முகம் தெளிந்திருந்தது. காபியை வாங்கிக்கொண்டு எங்களுக்கு விவரம் சொன்னாள். "இருட்டு ரூம்பு. ஒரு பலகைமேல நெஞ்ச சாச்சி நிக்க வெச்சாங்க. மூச்ச புடிச்சிக்கோன்னாங்க, புடிச்சிக்கினேன். டக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான். உள்ள போற கரண்டுப்பா அது. சளி, கிருமி அத்தினியும் எரிச்சிடும்."

"வலிச்சுதா அண்ணி?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமே தெரியல. இந்தக் காலத்து வைத்தியம்னா சும்மாவா?"

அப்பா, "அப்பாடா, ஆச்சா" என்று சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். படத்தை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எக்ஸ்ரே அறையில் இருந்தவர் சொன்னாராம். அதை அத்தையே நடுவில் ஒருமுறை சொன்னாள். "காட்றதுக்கு இன்னா இருக்குது? ஒடம்பு தேவலையாயிட்சி. அத போய் வேற சொல்லிக்கினு வரணுமா?" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். எங்களில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. சாமியாடி வேப்பிலை அடித்தால், தர்காவில் ஓதி ஊதினால், டாக்டர் ஊசி போட்டால், உடம்புக்கு ஏதோ ஒன்று செய்து முடித்தாயிற்று என்றுதான் அர்த்தம். இருட்டறையில் நிற்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, அவ்வளவு பெரிய மெஷினை ஓடவிட்டது வெறும் போட்டோ எடுக்கத்தான் என்று யாருக்குத் தோன்றும்? படம் அந்த வைத்தியம் நடந்ததற்கான அடையாளம். அவ்வளவுதான்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. அத்தையின் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருந்தது. ஓட்டை போட்ட அட்டைகள் சரமாக அதில் தொங்கும். அந்த ஓட்டைகளை ஊசிகள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த பிறகுதான் கீழே சேலைக் கரையில் அன்னப்பட்சி விழும். அட்டை தன்னால் எதுவும் நெய்யாது, அதை ஊசி பார்த்தாக வேண்டும் என்பது அத்தைக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. இருந்தும் எக்ஸ்ரே படத்தையும் ஒருவர் பார்த்தாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மா அந்தப் படத்தை உறையோடு சாமி மாடத்தில் வைத்தாள். நல்லது செய்த பொருள் என்று உறைமேல் குங்குமமும் வைத்தாள். பொங்கல் வந்தது. தறி நின்றதால் அத்தைக்கு ஓய்வு கிடைத்தது, கூடத்தில் பட்டுத் தூசியும் அடங்கியது. இருமலும் கொஞ்சம் குறைந்தது. பார்த்தியா, பார்த்தியா என்று வருவோர் போவோரிடமெல்லாம் கரண்டு வைத்தியத்தைப் பற்றி அத்தை பேசினாள்.

பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் சூரிய கிரகணம். கோயில்களில் நடை சாத்திவிட்டார்கள். அம்மா தண்ணீர்க் குடத்தின்மேலும் ஊறுகாய் ஜாடிமேலும் தர்ப்பை போட்டுவிட்டு, யாரும் வாசற்படி தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கவும் பயந்து, பார்க்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தோம். அத்தைதான் வந்து தீர்ப்புச் சொன்னாள். "வெறுங்கண்ணால பாத்தாத்தான் ஆபத்து. எக்ஸ்ரே படத்த வெச்சிக்கினு பாக்கலாம். டிவில காட்டினாங்க." அதுவும் கண்ணுக்கு ஆகாது என்று இப்போது சொல்கிறார்கள். நல்லவேளை, எங்கள் தெருவில் யார் கண்ணும் போகவில்லை.

அம்மா முணுமுணுத்துக்கொண்டே மாடத்திலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். படத்தை வெளியே எடுத்ததும் நாங்கள் மொய்த்துக்கொண்டோம். பெரிய காலண்டர் அளவுக்கு இருந்தது. படம் ஒன்று, பிள்ளைகளோ ஒரு கூட்டம். யார் முதலில் என்று அடிதடி வரும்போலிருந்தது. அத்தை உள்ளே போய், தறியில் இழை நறுக்கும் கத்தரிக்கோலை எடுத்துவந்து வாசலில் உட்கார்ந்தாள். தன் நெஞ்சுக்கூட்டை மடியில் போட்டுக்கொண்டு, நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுப்பதுபோல் ஒரே சீராக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். "கருப்பா இருக்கிற எடமா பாத்து கண்ணுக்கு நேரா புடிங்க, கண்ணுங்களா" என்றாள்.

எனக்குக் கிடைத்தது படத்தின் மேல்மூலைத் துண்டு. மற்றவர்கள் துண்டுகளில் விலா எலும்புகளுக்கு நடுவே நல்ல கறுப்பு இருந்தது. என்னுடையதில் பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல ஒரே வெள்ளை. தூக்கிப் பிடித்தால் வெயில் அப்படியே கண்ணில் அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அத்த, என்து நல்லாவே இல்ல. ஒண்ணுமே தெரியல."

அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா, அந்தப் பக்கம் சரியா வுழல. மெஷினு பழசு போல" என்றாள். தனக்கென்று வைத்திருந்த கறுப்புத் துண்டை எனக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு நாங்கள் எல்லோரும் மேலே பார்த்தோம். சூரியனை ஏதோ ஒரு பக்கமாகக் கடித்து வைத்திருந்தது. வெயில் மங்கி, தெரு சாம்பல் பூசியதுபோல் ஆனது. எதிர்வீட்டு வேப்பமரத்தடி நிழலெல்லாம் குட்டிக் குட்டிப் பிறையாக அசைந்தது. நாய்கள்கூடச் சத்தம் போடவில்லை. அத்தைக்குப் பார்க்கத் துண்டு இல்லை. என் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு, "எவ்ளோ மறைஞ்சிட்சி? இப்போ எவ்ளோ?" என்று என்னைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அந்த ஒரு விஷயம்தான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பங்குனியில் இருமல் திரும்ப வந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். கரண்டை அடிக்கடி உடம்பில் விடக் கூடாது, எலும்பு வெந்துவிடும், ஒருமுறை வைத்தது மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று அத்தை மறுத்தாள். எங்கள் வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதானே. நாங்களும் மெதுவாக வேலை செய்யட்டும் என்று காத்திருந்தோம். துப்பியதில் ரத்தம் பார்த்த பிறகுதான் அப்பா ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ஆடி பிறப்பதற்குள் அத்தை போய்விட்டாள்.

நெஞ்சின் மேல்பக்கம் படத்தில் வெள்ளையாக விழுந்திருப்பது காசநோய், தை மாதமே வந்திருந்தால் ஆறு மாத மாத்திரை, அதுவும் இலவசம் என்று ஆஸ்பத்திரியில் யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். இதை அப்பா என்னிடம் சொன்னது நான் கல்லூரி முடித்த பிறகு. அம்மாவிடம் அவர் இதுவரை சொல்லவில்லை. அத்தை போன பிறகு அன்னாசிப் பழத்தைச் சொல்லி யார் கேலி செய்தாலும் அப்பா சிரிப்பதில்லை.

போன வருடம் அம்மாவை முழங்கால் வலிக்காக அழைத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வெளியே வந்தவள், என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து பார்த்துவிட்டு, "பாதி வலி போயிட்சிமா. போலாமா வூட்டுக்கு?" என்றாள். கையில் செல்போன், அதில் உலகத்துச் செய்தி எல்லாம் பார்க்கிறாள். இதை மட்டும் இத்தனை வருடத்தில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எல்லோரும் நினைக்கிற ஒன்றை யார் மெனக்கெட்டுச் சொல்லப் போகிறார்கள்? "இரும்மா, டாக்டர பாக்கணும்" என்று மட்டும் சொல்லி உட்கார வைத்தேன்.

உட்கார்ந்ததும் மடியில் இருந்த உறையைத் தடவிக்கொண்டே அவளாகச் சொன்னாள். "அண்ணி படத்த நான்தான் எடுத்து குடுத்தேன். அவங்க நெஞ்ச துண்டு துண்டா வெட்டி கிரகணத்துக்கு காட்டிட்டோம். அது சும்மா வுடுமா? நல்லா ஆயிக்கினு இருந்தவங்க."

ஒவ்வொரு கிரகணத்துக்கும் அம்மா ஏன் நாளெல்லாம் பட்டினி கிடக்கிறாள், முடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஏன் தனியாக ஒரு விளக்கு ஏற்றுகிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. கிரகணம் யாரையும் எதுவும் செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அப்போ ஏன் போனாங்க என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலை அவள் தாங்கமாட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, முன்பு எடுத்த படம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாராம். புதிதாக ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், பழையது வந்துதான் எதுவும் மாறப்போவதில்லை. அப்பா பாவம், ஓட்டமாக வீட்டுக்கு வந்து, கிரகணத்துக்கு வெட்டியதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இரண்டு துண்டுகளும் என்னிடம்தான் இருந்தன. என்னுடைய கறுப்புத் துண்டு, அத்தை பிறகு எனக்கே விளையாடக் கொடுத்துவிட்ட வெள்ளைத் துண்டு. ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டாக்டர் பார்க்கப் போவது அத்தையின் படம். அரைகுறையாக விழுந்ததைக் கொடுத்தால் அத்தையைப் பற்றி என்ன நினைப்பார்?

"இது நல்லா தெரியும்பா" என்று கறுப்புத் துண்டைப் பாவாடையில் துடைத்து அப்பா கையில் கொடுத்தேன். வெள்ளையை அவர் கண்ணில் படாமல் ஸ்கேலுக்கு அடியில் தள்ளிப் பெட்டியை மூடினேன்.