மாமா கொண்டுவந்த பத்தியம்

முடி வெட்டப் போகும்போதெல்லாம் கடைக்காரர், "உங்க முடி அடர்த்தியில கத்திரியே சிக்கிக்குதுங்க" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். மனதுக்குள் மாமாவை ஒருமுறை கும்பிட்டுக்கொள்வேன்.

சின்ன வயதில் என் முடி வைக்கோல் மாதிரி இருந்தது. வாரினால் சீப்போடு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் என் பெயரே செம்பட்டை. மொட்டை போட்டால் கறுப்பாக முளைக்கும் என்று அப்பா கோயிலுக்குக் கூட்டிப்போனார். மறுபடியும் செம்பட்டையாகத்தான் முளைத்தது. இன்னொரு மொட்டை போடலாம் என்றார். மொட்டைத் தலையோடு இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்பாவுக்குக் கட்டட வேலை. மழை பிடித்துக்கொண்டால் வேலை இருக்காது, வீட்டில் கஞ்சியும் ஊறுகாயும்தான். அம்மாவின் தம்பியான மாமா பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் மல்லாட்ட என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விற்றார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்தில் நல்ல வியாபாரம் நடக்கும். அடுத்த நாள் எங்களுக்கு ஏதாவது வாங்கிவருவார். அப்பா வாசலிலேயே மறித்து, "என் வூட்ல சோறு இல்லன்னு எவன்டா சொன்னது?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் அழுத செய்தி கேட்டு மாமா ஒரு பாட்டிலோடு வந்தார். ஜவ்வாது மலை வைத்தியர் கொடுத்த எண்ணெயாம்.

"தடவுனா போதுமா?" என்றார் அப்பா.

"பத்தியம் இருக்குது மாமா. தெனமும் முட்டை, முருங்கக்கீரை, கேவுரு கூழு, மல்லாட்ட. ஒண்ணு தப்புனாலும் எண்ணெ வேலை செய்யாதாம்."

"பத்தியம்னா வாயக் கட்டணும். இது இன்னாடா, வாயத் தொறக்கச் சொல்ற பத்தியம்?"

"வைத்தியர் சொன்னத சொல்றேன். புள்ள தனியா துன்னக்கூடாதாம். அப்பனும் ஆத்தாளும் கூட உக்காந்து துன்னணுமாம்."

அம்மா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மாமா ஒரு பெரிய பையை வாசலுக்கு உள்ளே வைத்தார். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சோறு என்றால் திருப்பி அனுப்பலாம். மருந்தை எப்படி அனுப்புவது?

அன்றிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து பத்தியம் இருந்தோம். அம்மா மழைக்காலத்தில் முட்டை சாப்பிட்டு அப்போதுதான் பார்த்தேன். மாமாவின் பை காலியாவதற்குள் அடுத்த பை வந்துவிடும். மெல்ல மெல்ல என் தலை கறுத்தது. மொட்டைப் பேச்சு நின்றது. எல்லாம் எண்ணெயின் மகிமை என்று பாட்டிலைச் சாமி படத்தின் பக்கத்தில் வைத்துக் காத்தேன்.

எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்தபோது எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடியற்காலையில் கண் விழித்தால், அப்பா அந்தப் பாட்டிலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாங்கள் தினமும் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயை எடுத்து அதையும் முகர்ந்துவிட்டு, பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி மூடினார்.

அன்று மாமா பையோடு வந்தார். அப்பாவே எழுந்துபோய் வாங்கிக்கொண்டார்.

"எண்ணெ இன்னும் இருக்குதுடா. பத்தியத்த மட்டும் வுட்டுடாத" என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா நல்ல மருந்தில் சாதா எண்ணெயைக் கலந்து கெடுத்துவிட்டாரே என்ற பயத்தில், முடி கொட்டுகிறதா என்று பல நாள் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.